முப்பத்தோராவது மீன்

முகத்துறை உப்பங்கழியின் கரையில் நாற்பத்திரண்டு கொடுவா மீன் குட்டைகள் இருந்தன. அந்த ஆடி மாதம் நாற்பது குட்டைகளில் மீன் செத்து மிதந்தது. சாகாத இரண்டும் ஒரே ஆளுக்குச் சொந்தம். அதனால்தான் என்னை அனுப்பினார்கள்.

நான் மீன்நோய்த் தடுப்புப் பிரிவில் கள ஆய்வாளர். பெயர் முகுந்தன். என் வேலையைச் சுருக்கமாகச் சொன்னால், சந்தேகப்படுவது. பதினான்கு வருடமாகத் தண்ணீரைச் சந்தேகப்பட்டுப் பழகியவன், எப்போது மனிதர்களையும் அப்படியே பார்க்கத் தொடங்கினேன் என்று எனக்கே தெரியாது. காலையில் குளித்து, திருநீறு பூசி, எல்லாரும் நன்றாக இருக்க வேண்டும் என்று கும்பிட்டுவிட்டுத்தான் கிளம்புவேன். வாசலைத் தாண்டியதும் யார் பொய் சொல்கிறார்கள் என்று தேட ஆரம்பித்துவிடுவேன்.

குட்டைக்காரர்கள் சங்கத்தின் தலைவர் வைத்திலிங்கம் சாலையிலேயே காத்திருந்தார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். முழங்கால் வரை சேறு.

"வாங்க சார். சாப்ட்டுட்டுப் பாக்கலாமா, பாத்துட்டுச் சாப்புடலாமா?"

"பாத்துருவோம்."

"பாத்தீங்கன்னா அப்புறம் சாப்புடத் தோணாது. அதான் கேட்டேன்."

அவர் சொன்னது சரி. குட்டையின் காற்றடிக்கும் பக்கம் முழுக்க வெள்ளை வயிறுகள். விலாவில் சிவந்த புண். கண்ணில் பால் படர்ந்திருந்தது. ஒரு மீன் இன்னும் சாகவில்லை. பக்கவாட்டில் படுத்தபடி வட்டம் போட்டுக்கொண்டிருந்தது.

"காவலன் ஊத்துனீங்களா?"

"வாரந் தவறாம ஊத்தியாச்சு. ரெண்டு மடங்குகூட ஊத்திப் பாத்துட்டோம். மூணு வருசமா நல்லாத்தான் கேட்டுச்சு. இப்ப அவன் காவலும் இல்ல, ஒண்ணும் இல்ல."

காவலன் என்பது ஒரு வைரஸ். மருத்துவமனைகளில் மருந்துகள் ஒவ்வொன்றாகக் கைவிட்டபோது, மீனுக்கு அந்த மருந்துகளைக் கொடுக்கவே கூடாது என்று சட்டம் வந்தது. அதற்குப் பதிலாக வந்தது காவலன். மீனைத் தொடாது, மனிதனைத் தொடாது. கொடுவாவைக் கொல்லும் அந்த ஒரு பாக்டீரியாவுக்குள் மட்டும் புகுந்து, பெருகி, அதைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும். வைரஸ் என்ற சொல்லைக் கேட்டாலே மக்கள் பயந்த காலம் அது. அதனால் அரசு ஒரு நிபந்தனை போட்டது: இந்த வைரஸ் மாறவே கூடாது. கம்பெனியும் அது மாறாதபடி பூட்டி, பாட்டிலில் அடைத்துக் கொடுத்தது. காட்டு வைரஸ் எதுவும் உள்ளே வந்து கலந்துவிடக் கூடாது என்று ஒவ்வொரு மதகிலும் ஊதா விளக்கு வைத்தார்கள். அதைத் தாண்டி வரும் தண்ணீரில் எந்த நுண்ணுயிரும் பிழைக்காது.

"அந்தப் பொம்பள குட்டையில மட்டும் ஒண்ணும் சாகல" என்றார் வைத்திலிங்கம். "எப்புடி சார்? அது என்ன, மாதா வந்து தனியா மருந்து ஊத்துதா?"

"நீங்க என்ன நினைக்கறீங்க?"

அவர் கழியைப் பார்த்தார்.

"காலங்காத்தால வாளியத் தூக்கிக்கிட்டு அடுத்தவன் கரையில நடக்குது. எதையோ கலக்குது. அவ்வளவுதான் சொல்லுவேன்."

அந்தப் பெண்ணின் பெயர் ஞானப்பூ. நாற்பத்தெட்டு வயது. கணவர் இல்லை. மகள் வெளியூரில். இரண்டு குட்டைகளும் கரையோரம் ஒரு ஓட்டு வீடும்தான் அவளுக்கு. நான் போனபோது வலை காயப் போட்டுக்கொண்டிருந்தாள். உட்காரச் சொல்லி, கேட்காமலே டீ கொண்டுவந்தாள். நான் டம்ளரைத் தொடவில்லை.

"ஒண்ணும் கலக்கலீங்க சார்" என்றாள். "சர்க்கரைகூடக் கம்மிதான்."

எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் குடிக்கவில்லை.

"மதகு விளக்கு எரியலையே?"

"அது ரெண்டு வருசமா எரியல. எழுதிக் குடுத்தேன். வந்து பாத்தாங்க, பார்ட்ஸ் வரணும்னாங்க. இன்னும் வந்துகிட்டே இருக்கு."

"உங்க மீன் மட்டும் ஏன் சாகல?"

"தெரியல சார். ஜெபம் பண்றேன். ஆனா எல்லாரும்தான் பண்றாங்க."

அவள் அதைச் சொன்ன விதத்தில் ஏதோ மிச்சம் இருந்தது. பொய்யர்களை எனக்குத் தெரியும். அவர்கள் நிறையப் பேசுவார்கள். இவள் குறைவாகப் பேசினாள். அது எனக்கு இன்னும் பெரிய பொய்யாகத் தெரிந்தது.

மறுநாள் விடிந்ததும் அவளுக்குத் தெரியாமல் பின்னால் போனேன். பக்கத்துக் குட்டை ஒன்றின் கரையில் ஈரச் சாக்கு மூடிய வாளி ஒன்று இருந்தது. யார் வைத்தார்கள் என்று தெரியவில்லை. அவள் அதை எடுத்துக்கொண்டு, வீட்டுக்குப் பின்னால் தென்னங்கீற்றுத் தடுப்புக்குள் நுழைந்தாள். நானும் நுழைந்தேன்.

உள்ளே இடுப்பளவு ஆழத்தில் ஒரு சின்னக் குட்டை. அதில் நோய் மீன்கள். புண் பட்டவை, கண் போனவை, வால் அழுகியவை. அவள் வாளியிலிருந்து ஒரு மீனை இரண்டு கையாலும் தாங்கித் தண்ணீரில் இறக்கினாள். அது கவிழ்ந்தது. கையை எடுக்காமல், அது தானாக நிற்கும் வரை அப்படியே வைத்திருந்தாள்.

"என்ன இது?"

அவள் திரும்பினாள். திடுக்கிடவில்லை. என்றைக்காவது யாராவது வருவார்கள் என்று எதிர்பார்த்தவள் போல இருந்தாள்.

"வார்டு சார்."

முகத்துறையில் ஒரு விதி உண்டு. நான் எழுத உதவிய விதிதான் அது. ஒவ்வொரு குட்டையிலும் ஒரு மிதவை இருக்கும். அதன் கேமராக் கண்ணில் புண் பட்ட மீன் தெரிந்தால் மணி அடிக்கும். இரண்டு மணி நேரத்துக்குள் அந்த மீனைப் பிடித்து, சுட்ட சுண்ணாம்புக் குழியில் போட்டு மூடி, உரிமையாளர் கையெழுத்துப் போட வேண்டும். உயிரோடுதான் போட வேண்டும். செத்த பிறகு போட்டால் அதற்குள் கிருமி தண்ணீரில் கலந்துவிடும். அறையில் உட்கார்ந்து எழுதும்போது அது சரியாகத்தான் இருந்தது.

"சட்டம் தெரியாதா உங்களுக்கு?"

"தெரியும் சார். பெரியாஸ்பத்திரியில இருபத்திரண்டு வருசம் ஆயாவா இருந்தேன். மருந்து கேக்காமப் போன வருசமெல்லாம் நான்தான் வார்டுல. பொழைக்காதுன்னு எழுதிட்டுப் போயிருவாங்க. அதுக்கப்புறமும் அது மூச்சு விட்டுக்கிட்டு இருக்கும். யாராவது பக்கத்துல இருக்கணுமே." மீனை விட்டுவிட்டு முந்தானையில் கையைத் துடைத்தாள். "உசுரோட இருக்கறது மேல மண்ணப் போட எனக்கு வராது சார். பழக்கமில்ல."

"என்ன மருந்து போடறீங்க?"

"ஒண்ணுமில்ல. தண்ணி, தீனி. பாதி போயிரும். பாதி பொழைக்கும். பொழச்சதப் பெரிய குட்டையில விட்டுருவேன். இந்தத் தண்ணியும் வழிஞ்சு அங்கதான் போகுது."

"நோய்த் தண்ணிய நல்ல குட்டையிலயா விடறீங்க?"

"அதுங்களும் இங்கேர்ந்து போனதுங்கதானே."

"இந்த மீன்களை யார் தர்றாங்க?"

முதல் தடவையாக அவள் முகம் இறுகியது. "அது மட்டும் கேக்காதீங்க. புதைச்சிட்டோம்னு கையெழுத்துப் போட்டவங்க அவங்க. வார்டுல யாரு கொண்டாந்து சேத்தாங்கன்னு வெளிய சொல்ற பழக்கம் எங்களுக்கு இல்ல."

அங்கே நின்றபடியே நான் முடிவு செய்துவிட்டேன். நோயின் ஊற்று இதுதான். அவளுடைய மீன்கள் ஏன் சாகவில்லை என்ற கேள்வி ஒரு கணம் எழுந்தது. அதற்கும் பாடப் புத்தகத்தில் பதில் இருந்தது: நோயிலிருந்து பிழைத்த மீன் கிருமியைச் சுமந்து திரியும், தான் சாகாது, மற்றதைக் கொல்லும். சந்தேகப்படுபவனுக்கு எல்லாக் கேள்விக்கும் பதில் கிடைத்துவிடும். அதுதான் அதில் உள்ள ஆபத்து. சோதனைக்கு ஒரு பாட்டில் தண்ணீர் எடுத்தேன். கெடாமலிருக்க வழக்கம்போல அதில் பார்மலின் ஊற்றி மூடினேன்.

மூன்றாம் நாள் உத்தரவோடு வந்தேன். சங்கத்திலிருந்து வைத்திலிங்கமும் இன்னும் நான்கு பேரும் சுண்ணாம்பு மூட்டைகளோடு வந்தார்கள். ஞானப்பூ வாசலில் நின்றாள். கத்தவில்லை. அழவும் இல்லை. யார் யாரோ வந்து வார்டைக் காலி செய்ததைப் பார்த்தவள்தானே.

கழியில் வளரும் ஒவ்வொரு கொடுவாவின் தோலுக்கடியிலும் குஞ்சிலேயே ஒரு சில்லு வைத்திருப்பார்கள். கருவியை மேலே காட்டினால் எந்தக் குட்டை மீன் என்று சொல்லிவிடும். நான் அதை வெளியே எடுத்தேன்.

"அது எதுக்கு சார்?" என்றார் வைத்திலிங்கம். குரல் சற்று அவசரமாக இருந்தது.

"எந்தெந்தக் குட்டையிலேர்ந்து வந்ததுன்னு தெரிஞ்சுக்க."

"எல்லாம் இந்தப் பொம்பள பொறுக்கினதுதானே. வெயில் ஏறுது. முப்பது மீனுக்கும் மெஷின் வச்சுக்கிட்டு நின்னா இன்னைக்குப் பூரா போயிரும். எண்ணிப் போட்டா பத்தாதா?"

பத்தும் என்றுதான் விதியும் சொன்னது. கருவியை உள்ளே வைத்துவிட்டேன். ஆனால் அவர் முகம் வெளிறியிருந்ததைக் கவனித்தேன். அதையும் மனதில் ஒரு மூலையில் குறித்துக்கொண்டேன்.

வலையால் வாரினோம். எண்ணினேன். மொத்தம் முப்பத்தொன்று. ஒவ்வொன்றாகக் குழிக்குப் போனது. சுண்ணாம்பில் விழுந்த மீன் எழுப்பும் சத்தத்தை நான் அதற்கு முன் நின்று கேட்டதில்லை. காகிதத்தில் மட்டுமே பார்த்திருந்தேன். வைத்திலிங்கமும் மற்றவர்களும் காலியான வார்டுக் குட்டையில் பிளீச்சிங் பவுடர் கொட்டிவிட்டு, அவளுடைய பெரிய குட்டைகளுக்கும் அடிக்கப் போய்விட்டார்கள். உத்தரவில் அதுவும் இருந்தது. தண்ணீரைச் சுத்தம் செய்ய வேண்டும், மீனை அப்படியே விடலாம்.

கடைசியாக வாளியில் ஒரு மீன் மிஞ்சியது. சின்னது. ஒரு கண் இல்லை. விலாவில் புண் ஆறி வெள்ளைத் தழும்பாக இருந்தது.

"சார்" என்றாள் ஞானப்பூ. "இது ஒண்ணு மட்டும். முந்தாநேத்துதான் தின்ன ஆரம்பிச்சுச்சு."

நான் அவளைப் பார்த்தேன். மீனைப் பார்த்தேன். என்ன நினைத்தேன் என்று இன்றும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. இரக்கம் என்று சொன்னால் அது எனக்கு அதிகப் புகழ்ச்சி. அந்தச் சத்தத்தை இன்னொரு முறை கேட்க எனக்குத் தெம்பில்லை, அவ்வளவுதான். படிவத்தில் 'அழிக்கப்பட்டவை: 31' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பிறகு, "கை கழுவணும், தண்ணி எங்க இருக்கு?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்தேன். திரும்பி வந்தபோது வாளியும் இல்லை, மீனும் இல்லை.

பத்து நாள் கழித்து அவளுடைய இரண்டு குட்டைகளிலும் மீன் செத்தது. ஒன்றுகூட மிஞ்சவில்லை என்று மிதவைகள் செய்தி அனுப்பின. மற்ற நாற்பது குட்டைகளிலும் சாவு நிற்கவில்லை.

நோயின் ஊற்றை அடைத்தால் நோய் நிற்க வேண்டும். நிற்கவில்லை. நான் மூடியது ஊற்றைத்தானா என்று அன்று முதல் என் மேலேயே எனக்குச் சந்தேகம் வந்தது. பார்மலின் பாட்டிலை ஆய்வகத்துக்கு அனுப்பினேன். அங்கே இருந்த மரகதவல்லி என்னோடு படித்தவள். மனதில் பட்டதை முகத்துக்கு நேரே சொல்லும் பழக்கம் உள்ளவள்.

அவள் போன் வருவதற்கு முன்னால் வேறொரு செய்தி வந்தது. வைத்திலிங்கம் செத்த மீன்களை வாரும்போது கொடுவாவின் செவுள் மூடி உள்ளங்கையைக் கிழித்திருக்கிறது. கத்தி போல இருக்கும் அது. மறுநாள் கை வீங்கிக் கறுத்துக் கொப்புளம் போட்டது. இப்போது பெரியாஸ்பத்திரியில். மீனைக் கொன்ற அதே கிருமி. எந்த மருந்தும் கேட்கவில்லை. காவலனையே மனிதருக்கான முறையில் கொடுத்துப் பார்த்தார்கள். அதுவும் கேட்கவில்லை. கையைத் தோளோடு எடுக்க வேண்டும், எடுத்தாலும் உயிருக்கு உறுதி இல்லை, இரண்டு நாள் பார்க்கலாம் என்றார்கள்.

அன்று மத்தியானம் மரகதவல்லி கூப்பிட்டாள்.

"முகுந்தா, இந்தத் தண்ணி எங்கேர்ந்து எடுத்த?"

"ஒரு நோய்க் குட்டையிலேர்ந்து. ஏன்?"

"இதுல வைரஸ் கொட்டிக் கெடக்கு. காவலன் இல்ல, அதோட காட்டுச் சொந்தக்காரன். மாறத் தெரிஞ்சவன்."

"புரியும்படியா சொல்லு."

"காவலன் கையில ஒரே சாவி. மூணு வருசம் அதே சாவி. பாக்டீரியா சும்மா இருக்குமா? பூட்ட மாத்திக்கிடுச்சு. காவலன் வாசல்லயே நிக்கறான். ஆனா இந்தக் குட்டையில நோய் மீனும் கிருமியும் வைரஸும் ஒண்ணாவே கெடந்திருக்கு. கிருமி பூட்ட மாத்த மாத்த, இது சாவிய மாத்திக்கிட்டே வந்திருக்கு. இப்ப ஓடுற கிருமியத் தொறக்கற சாவி இதுக்கிட்டதான் இருக்கு. வேற எங்கயும் இல்ல. மத்த குட்டையில எல்லாம் நோய் மீனப் புதைச்சு, விளக்குப் போட்டு, இது வளரவே எடமில்லாம பண்ணிட்டோம்."

இரண்டு வருடமாக எரியாத அவள் மதகு விளக்கும், நாங்கள் அடித்த பிளீச்சிங் பவுடரும் நினைவுக்கு வந்தன. சாலையோரத்தில் உட்கார்ந்தேன். "அப்ப அதக் கைக்குக் குடுக்கலாமா? ஒரு ஆள் சாகக் கெடக்கறாரு."

"குடுக்கலாமே. ஒரே நாள்ல வளத்துச் சுத்தம் பண்ணித் தந்துருவேன். ஆனா நீ பார்மலின் ஊத்தி வச்சிருக்கியே. எல்லாம் பொணம். என்னால படிக்க முடியுது, எழுப்ப முடியல. உசுரோட ஒண்ணு வேணும். அந்தக் குட்டை இருக்குல்ல?"

நான் எழுந்து வண்டியைக் கிளப்பினேன்.

"இருக்குல்ல முகுந்தா?"

முகத்துறைக்குப் போகும் வழி முழுக்க என்னென்னவோ வேண்டிக்கொண்டேன். எந்தச் சாமியைக் கூப்பிட்டேன் என்று நினைவில்லை. அவள் வீட்டில் இருந்தாள். செத்த மீனை வாரித் தண்ணீரை வடித்துவிட்ட குட்டைகள் வறண்டு வெடித்திருந்தன. மீன் வெட்டும் கொட்டகைக்குக் கூலிக்குப் போய்விட்டு அப்போதுதான் திரும்பியிருந்தாள்.

"அந்த ஒத்தைக் கண்ணு மீன் எங்கம்மா?"

"எந்த மீன் சார்?"

"அன்னைக்கு நீங்க கேட்டது."

"நீங்கதானே முப்பத்தொண்ணுன்னு எழுதிக்கிட்டுப் போனீங்க." குரலில் கோபம் இல்லை. ஆனால் அவள் கண் என்னை அளந்தது. என் பையை, நான் கொண்டுவந்த பெட்டியை, வெளியே நின்ற வண்டியை. அந்தப் பார்வை எனக்கு நன்றாகத் தெரியும். பதினான்கு வருடமாக நான் மற்றவர்களைப் பார்த்த பார்வை. "உங்களுக்கு மேலிடத்துலேர்ந்து திட்டு வந்துச்சா? மறுபடி குழி வெட்டணுமா?"

"இல்லம்மா. கொல்ல வரல."

"அன்னைக்கும் டீ குடிக்க வந்த மாதிரிதான் வந்தீங்க."

கீழே உட்கார்ந்தேன். மரகதவல்லி சொன்னதை எல்லாம் சொன்னேன். நான் செய்தது தப்பு என்றும் சொன்னேன். அவள் நின்றபடியே கேட்டாள். பாதிக்கு மேல் நம்பவில்லை என்று முகத்தில் தெரிந்தது. நானாக இருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன்.

"ஒரு ஆளுக்குக் கை போகப்போகுது" என்றேன் கடைசியில். "உசுரும் போகலாம். அந்த மீன் இருக்கற தண்ணிதான் மருந்து."

"யாருக்கு?"

"வைத்திலிங்கத்துக்கு."

"வைத்திலிங்கம் அண்ணனுக்கா? எந்த வார்டு?"

நான் சொல்வதற்குள் வீட்டின் பின்பக்கம் போய்விட்டாள். என்னைக் காட்டிக்கொடுத்தவருக்கா என்றெல்லாம் அவள் கேட்பாள் என்று எதிர்பார்த்திருந்தேன். அவளுக்கு அப்படி ஒரு கேள்வி இருப்பதே தெரியவில்லை.

பின்னாலேயே போனேன். துணி ஊறப்போடும் சிமெண்டுத் தொட்டி. அதில் கழித் தண்ணீர். மேலே பழைய கொசுவலை. உள்ளே அந்த மீன். கொஞ்சம் தடித்திருந்தது. எங்கள் நிழல் பட்டதும் கண் இருக்கும் பக்கமாகத் திரும்பி நின்றது.

"துணியெல்லாம் எங்க தொவைக்கறீங்க?"

"பைப்படியில. இதுக்கு எடம் வேணும்ல."

புட்டியில் தண்ணீர் எடுத்தேன். பார்மலினை வண்டியிலேயே விட்டிருந்தேன். மீனின் தோலில் பஞ்சால் துடைத்து அதையும் எடுத்தேன். மருத்துவமனைப் படிவத்தில் மீனின் அடையாளம் எழுத வேண்டும். கருவியை எடுத்துக் காட்டினேன். எண் வந்தது: குட்டை பதினேழு. உரிமையாளர் வைத்திலிங்கம். அதற்குக் கீழே அவருடைய பதிவும் வந்தது: 'ஆனி ஒன்பது. சுண்ணாம்பில் புதைக்கப்பட்டது.' அவருடைய கையெழுத்தும் இருந்தது.

நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"மெஷின் சொல்லிருச்சா?" என்றாள் ஞானப்பூ.

"சொல்லிருச்சு."

"அப்ப நான் சொன்னதா ஆகாது" என்று நிம்மதியாகக் கொசுவலையை இழுத்து மூடினாள்.

மரகதவல்லி சொன்னபடியே ஒரே நாளில் கொடுத்தாள். இரண்டாம் நாள் காய்ச்சல் இறங்கியது. நான்காம் நாள் கறுப்பு பரவுவது நின்றது. இரண்டு விரல்களை எடுக்க வேண்டியிருந்தது. கை தப்பியது. ஆளும் தப்பினார்.

நான் பார்க்கப் போனபோது கையைத் தலையணை மேல் தூக்கி வைத்துக்கொண்டு படுத்திருந்தார். மருந்து எதிலிருந்து வந்தது என்று யாரோ சொல்லியிருந்தார்கள். எந்த மீன் என்று சொல்லியிருக்கவில்லை. ஆனாலும் அவரே கேட்டார்.

"ஒத்தைக் கண்ணா சார்?"

தலையாட்டினேன். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"அன்னைக்குக் குழி வெட்டி வச்சிட்டேன். சுண்ணாம்பும் கொட்டியாச்சு. கையில எடுத்தா அது வாயத் தொறந்து தொறந்து மூடுது. போடவும் முடியல, வைக்கவும் முடியல. அந்தப் பக்கமா ஞானப்பூ வாளியோட போச்சு. நான் ஒண்ணும் கேக்கல. அதுவா வாளிய நீட்டுச்சு. போட்டுட்டு வந்து புதைச்சதா எழுதிட்டேன்."

"அப்புறம் ஏன் அவங்களக் காட்டிக்குடுத்தீங்க?"

அவர் கட்டுப் போட்ட கையைப் பார்த்தார்.

"ஒரு மாசத்துல ஊரே செத்துப்போச்சு. நான் புதைக்காம விட்ட அந்த ஒரு மீனாலதான்னு நெனச்சேன் சார். தூக்கம் வரல. அதச் சொல்ல வாய் வரல. அந்தப் பொம்பள மேல சொல்றது சுலபமா இருந்துச்சு."

நான் அவர் நல்ல கையைப் பிடித்துக்கொண்டேன். "நானும் ஒரு பொய் எழுதியிருக்கேன். முப்பத்தொண்ணுன்னு."

அவர் திரும்பிப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது. சிரிப்பும் வந்தது. "அப்ப ரெண்டு பேருக்கும் ஜெயிலா?"

"போனா அவங்க வந்து டீ குடுப்பாங்க."

"சர்க்கரை கம்மியா இருக்கும்" என்றார் வைத்திலிங்கம்.

ஜெயிலுக்கு யாரும் போகவில்லை. அடுத்த வாரம் கம்பெனியிலிருந்து குளிர்பெட்டியோடு இரண்டு பேர் வந்தார்கள். அந்த மீனையும் தொட்டித் தண்ணீரையும் மொத்தமாக எடுத்துப் போய், பாதுகாப்பாகப் பூட்டி, புதிய காவலன் செய்வதாகச் சொன்னார்கள். ஞானப்பூ அவர்களுக்கு டீ கொடுத்துவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். "இவங்க நல்லவங்களா சார்?" தெரியவில்லை என்று உண்மையைச் சொன்னேன். அவள் ஒரு பாட்டில் தண்ணீர் மட்டும் பிடித்துக் கொடுத்தாள். மீனைக் கொடுக்கவில்லை. அதற்கு முன்பே அவள் தினம் நாலைந்து குடமாகத் தொட்டித் தண்ணீரை மற்ற நாற்பது குட்டைகளிலும் ஊற்றிவிட்டு வந்திருந்தாள் என்பதை அவர்களிடம் சொல்லவில்லை. என்னிடமும் சொல்லவில்லை. இந்த முறை நான் பின்னால் போகாமலே தெரிந்துகொண்டேன். குட்டைகளில் சாவு நின்றிருந்தது.

எனக்கு ஒரு வேலை பாக்கி இருந்தது. என் பழைய படிவத்தைத் திருத்த வேண்டும். 'அழிக்கப்பட்டவை' என்ற இடத்தில் முப்பத்தொன்றை அடித்து முப்பது என்று எழுதினேன். 'மிஞ்சியவை' என்ற இடத்தில் ஒன்று. அதற்குப் பக்கத்தில் 'காரணம்' என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் இயந்திரக் கோளாறு, எண்ணிக்கைப் பிழை என்று ஏதாவது எழுதுவதுதான் வழக்கம்.

அதை நிரப்ப எனக்கு வெகுநேரம் ஆயிற்று. கடைசியில் நடந்ததை நடந்தபடியே எழுதினேன்:

'ஆய்வாளர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.'